கண்மாய்க்குள் ஒரு சாவு விளையாட்டு

சாவு விளையாட்டு விளையாடியதற்காக நான் மூன்று தடவை அடி வாங்கியிருக்கிறேன். முதல் தடவை கையால், இரண்டாம் தடவை அகப்பைக் காம்பால், மூன்றாம் தடவை புளியம்விளாறால். மூன்றுக்கும் நான் அழவில்லை. மூன்றுக்கும் மன்னிப்பு கேட்கவும் இல்லை. இத்தனை வயதுக்குப் பிறகு, பெரியவர்கள் செய்ததிலும் ஒரு நியாயம் இருந்தது என்று சொல்லி வைத்தால் கேட்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். நான் சொல்லப்போவதில்லை. பிடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. பரளச்சிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். உலகத்தில் எங்கோ பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது தெரியவந்தது இரண்டே வழியில்தான்: மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸுக்குப் பின்னால் பெட்ரோலுக்குப் பதிலாக ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த பஸ்ஸும் மேடு வந்தால் நின்றுவிடும், ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். மாசி மாதம், பருத்தி எடுப்பு மும்முரமாக நடந்த நேரத்தில் ஆத்தாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள், பஸ்ஸை நம்ப முடியாதென்று, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அய்யா வண்டி கட்டினார். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே போர்வை விரித்து, மாட்டைப் பூட்டுவதற்குள் ஆத்தா போய்விட்டாள். பருத்தி எடுத்துப்போட்ட சேலை மடி அவிழ்க்காமலே மூலையில் கிடந்தது.

அன்றைக்கு வீட்டில் நடந்த ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். ஆத்தாவைக் குளிப்பாட்டினார்கள், மஞ்சள் பூசினார்கள், கண்டாங்கிச் சேலை உடுத்தினார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து அழுதார்கள். சங்கு ஊதி, பாடையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனோம். அங்கே பெண்களெல்லாம் நின்றுவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் பெண்கள் போகக் கூடாது, அதுதான் முறை. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை. பாடைக்குப் பின்னாலேயே ஓடினேன். யாரோ ஒருத்தி என் சடையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து தலையைத் தொட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

தம்பி மட்டும் போனான். தகப்பனார் இறந்தால் மூத்த மகன், தாய் இறந்தால் கடைசி மகன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் மூத்தவனும் கடைசியும் அவன் ஒருத்தன்தான். கொள்ளிக்குடம் அவன் இடுப்பு உயரம் இருந்தது. தாய்மாமன் அவனை ஒரு கையிலும் குடத்தை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தார். பொழுது சாயத் திரும்பி வந்தபோது தம்பியின் தலை மொட்டையடித்திருந்தது, இடுப்பில் ஈரத்துண்டு. ஆத்தாவை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அவன் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சாத்திய வாய்தான்.

மறுநாள் சாம்பல் கரைக்கப் போகும்போது அவனுக்குக் காய்ச்சல். அதனால் மாமன் மட்டும் போய் முடித்துவிட்டு வந்தார். காய்ச்சல் இரண்டு நாளில் விட்டது. பேச்சு வரவில்லை. பசித்தால் வந்து சட்டிக்குப் பக்கத்தில் உட்காருவான். அடித்தால் கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது. அதற்கு முன்னால் அவன் வாயாடி. ஆடு, மாடு, அம்மிக்கல் எல்லாவற்றோடும் பேசுகிறவன்.

அய்யாவிடம் கேட்டேன், ஆத்தாவை அங்கே கொண்டுபோய் என்ன செய்தீர்கள் என்று. அவர் எழுந்து உழவுக்குப் போனார். காட்டில் உழுவதற்கு ஒன்றும் இல்லை, பருத்தி நின்றுகொண்டிருந்தது. இருந்தும் போனார். மாமன் வந்தபோது கேட்டேன், ஆத்தா சாமிகிட்டப் போயிட்டா என்றார். எப்படிப் போனாள் என்று கேட்டேன், பெரிய மனுசி மாதிரிப் பேசாதே என்றார். ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பெற்றவளை என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியக் கூடாதாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள அய்யாவின் அக்கா பாலவனத்தத்திலிருந்து வந்து சேர்ந்தார். அத்தை கெட்டவர் இல்லை. எங்களுக்காக வயிறு எரிந்தவர்தான். ஆனால் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் இருந்தது, எல்லா வைத்தியமும் வலிக்கும். "பய பயந்து கெடக்கான், பயத்தை எடுத்தா சரியாப் போகும்" என்றார். தாயத்து கட்டினார்கள். வேப்பிலை அடித்தார்கள். நரிக்குடிப் பக்கமிருந்து ஒரு கோடாங்கி வந்து, உடுக்கை அடித்து, திருநீற்றை அவன் முகத்தில் ஊதினார். தம்பி தும்மினான். அவ்வளவுதான் சத்தம்.

விளையாட்டை ஆரம்பித்தது நான் இல்லை. பழி என் மேல்தான் விழுந்தது, அதை நான் மறுக்கவும் இல்லை, ஆனால் ஆரம்பித்தவன் அவன். பங்குனியில் ஒரு நாள் தொழுவத்துக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். போய்ப் பார்த்தேன். ஒரு சோளத்தட்டையைத் தரையில் படுக்க வைத்து, அதன்மேல் சுள்ளியாகப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தான். எல்லாச் சுள்ளியும் குறுக்கே, ஒரே அளவாக. தலைப்பக்கம் மட்டும் மூடாமல் விட்டிருந்தான்.

எனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. இந்தப் பயலுக்குத் தெரியும். சொல்லத்தான் மாட்டான், செய்து காட்டுவான்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஏலே, முதல்லேருந்து செய்வோம். வீட்டுல நடந்தது எனக்குத் தெரியும். அங்கிட்டு நடந்ததை நீ காட்டு" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் ஒரு பேச்சுக்குக் கொடுத்த முதல் பதில் அது.

இரண்டு சோளத்தட்டையைக் கட்டி ஆத்தா செய்தேன். ஆத்தாவின் பழைய சேலையில் ஒரு முழம் கிழித்து உடுத்திவிட்டேன். அத்தைக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார், தெரிந்துதான் கிழித்தேன். என் பங்கு குளிப்பாட்டுவது, மஞ்சள் பூசுவது, மாரில் அடித்துக்கொண்டு அழுவது. சங்கு ஊதுவதற்குப் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தனைச் சேர்த்துக்கொண்டேன். பூவரச இலையைச் சுருட்டி அவன் பீப்பீ ஊதினால் நிஜச் சங்கே தோற்றுப்போகும். முருங்கைக் குச்சியில் பாடை. தூக்கிக்கொண்டு தொழுவத்து முனை வரைக்கும் போவோம். அங்கே நான் நின்றுவிட வேண்டும். நிற்க மாட்டேன் என்றேன். விளையாட்டிலாவது என்னை யாரும் சடையைப் பிடித்து இழுக்க முடியாதல்லவா. தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி வா என்று கையைக் காட்டினான்.

அதற்குப் பிறகு அவன் பங்கு. தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தான். ஒரு சுற்றுக்கு ஒரு தடவை நான் சிரட்டையைக் கல்லால் தட்ட வேண்டும், அதையும் அவன்தான் காட்டிக் கொடுத்தான். மூன்றாம் சுற்றில் சிரட்டையைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்தான். அப்புறம் ஆவாரம்பூ ஒரு கொத்தைப் பறித்துவந்து, அதுதான் நெருப்பு, முதுகைக் காட்டி நின்றபடியே கையைப் பின்னால் நீட்டிச் சுள்ளிமேல் வைத்தான். வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தன் இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தை நேராக நிறுத்திக்கொண்டு நடந்தான்.

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஐந்து வயதுப் பையன் திரும்பிவிடுவான் என்று மாமன் அவன் முகத்தைப் பிடித்தபடியே நடத்திக் கூட்டிவந்திருக்கிறார்.

பத்து எட்டு நடந்ததும் தம்பி நின்றுவிட்டான். "அப்புறம்?" என்றேன். உதட்டைப் பிதுக்கினான். திரும்பி ஓடிவந்து, பூவைத் தட்டிவிட்டு, சுள்ளியைப் பிரித்து, ஆத்தாவை என் கையில் கொடுத்தான். மறுபடியும் முதலிலிருந்து.

அன்றைக்கு ஐந்து தடவை ஆத்தா செத்தாள். மறுநாள் எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் பத்தாவது எட்டில் நின்றுவிடுவான். எனக்கு எரிச்சலாக வந்தது. அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு வேண்டியிருந்தது. அது அவனுக்கே தெரியாது என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நாளாயிற்று. பாதி சாவு எனக்குத் தெரியும், மிச்சத்தில் பாதி அவனுக்குத் தெரியும், கடைசி மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. நான் அழ ஆரம்பித்தால் தம்பி ஓடிவந்து என் வாயைப் பொத்துவான். எனக்கோ அழுவதுதான் விளையாட்டிலேயே நல்ல பகுதி. ஊர்ப் பெண்கள் அழுததையெல்லாம் கேட்டு வைத்து, இழுத்து நீட்டி அழுவேன். அவன் உள்ளங்கையை என் வாயில் வைத்து அழுத்துவான், கண்ணெல்லாம் பயமாக இருக்கும். அத்தைக்குக் கேட்டுவிடும் என்று பயப்படுகிறான் என நினைத்தேன். கோழைப்பயல் என்று திட்டினேன். ஒரு நாள் கையை எடுக்கவே இல்லை. ஆத்திரத்தில் அந்தக் கையைக் கடித்துவிட்டேன். ரத்தம் வந்தது. அப்போதும் அவன் சத்தம் போடவில்லை, கையை எடுக்கவும் இல்லை.

பீப்பீ ஊதியவன்தான் காட்டிக்கொடுத்தான். அவன் வீட்டில் போய் ஊதியிருக்கிறான். அவன் தாயார் எங்கள் வாசலில் வந்து நின்றார். "உங்க வீட்டுப் புள்ளைக ஊருக்கே பாடை கட்டுதுக. எம்புள்ளையையும் சேத்துக்கிட்டு. மழை தண்ணி இல்லாமக் கெடக்கு, இன்னும் யாரைத் தூக்கணும்னு விளையாடுதுக?" என்றார். அத்தை என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தில் அறைந்தார். அதுதான் முதல் அடி. இரண்டாவது, கிழிந்த சேலையைக் கண்டுபிடித்த அன்றைக்கு.

"தாயை முழுங்கிட்டு விளையாட்டாடி உனக்கு? செத்தவளைத் திரும்பத் திரும்பச் சாகடிக்கியே, நீ வெளங்குவியா?"

"அவனுக்குப் பிடிச்சிருக்கு" என்றேன்.

"அவனுக்கு என்னடி தெரியும்?"

"உங்க எல்லாரையும் விடத் தெரியும்."

அதற்குத்தான் அகப்பைக் காம்பு. இன்றைக்குக் கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

விளையாட்டைக் கண்மாய்க்குள் கொண்டுபோனோம். சித்திரையில் எங்கள் கண்மாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. தரை பாளம் பாளமாக வெடித்து, நடுவில் ரெண்டு கருவேலமரம் மட்டும் நிற்கும். மத்தியானத்தில் அங்கே ஆடு கூட வராது. இப்போது நாங்கள் இரண்டு பேர்தான், சங்கு கிடையாது. அத்தை கம்பு குத்துகிற நேரம் பார்த்துப் போவோம், அவர் படுத்து எழுந்திருக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுவோம். தம்பியின் மொட்டைத் தலையில் விரல்கடை அளவு முடி வளர்ந்திருந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

அந்த வாரம்தான் அத்தை முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை காலையில் கோடாங்கி மறுபடியும் வருவார், சுட்ட மஞ்சளால் காதுக்குப் பின்னால் ரெண்டு இழுப்பு இழுத்தால் நாக்குக் கட்டு அவிழ்ந்துவிடும் என்று. அய்யா மறுத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். பேசவில்லை. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு வயிற்றில் அப்படிச் சூடு போட்டதைப் பார்த்திருக்கிறேன். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தழும்பு புழு ஊர்ந்தது போல அவன் தொப்புளுக்குப் பக்கத்தில் இருக்கும். தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். நெருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். சோறு தின்னும்போதும் விடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் நான் ஒரு காரியம் செய்தேன். அதைத் துணிச்சல் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எனக்கு அந்த ஆவாரம்பூ அலுத்துப்போயிருந்தது. பூவை வைத்தால் ஆத்தா அப்படியேதான் கிடந்தாள். எதுவும் முடியவில்லை. நாளைக்கு இவனைச் சுட்டுவிடுவார்கள், அதற்கப்புறம் இவன் விளையாடவே வராமல் போய்விடுவான், கடைசியில் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாமலே போய்விடும். இதுதான் என் கவலை. தம்பியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேனா என்றால், நினைத்தேன், ஆனால் அது இரண்டாவதாகத்தான்.

அடுப்பிலிருந்து தீக்கங்கை உடைந்த ஓட்டுச் சில்லில் அள்ளி, மேலே சாம்பலைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டேன். தம்பியிடம் பருத்திமார், காய்ந்த பருத்திக் குச்சி, ஒரு கட்டுக் கொடுத்தேன். அவன் சில்லைப் பார்த்தான். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான்.

வழக்கம்போல எல்லாம் செய்தோம். குளிப்பாட்டினேன், உடுத்தினேன். பருத்திமாரை ஒடித்து அவன்தான் அடுக்கினான், அதே மாதிரிக் குறுக்கே, தலையை மூடாமல். சுற்றி வந்தான், சிரட்டையை உடைத்தான். நான் ஒரு குச்சியைக் கங்கில் வைத்து ஊதிப் பற்றவைத்து அவன் கையில் கொடுத்தேன். முதுகைத் திருப்பி நின்றான். பின்னால் நீட்டினான். மாமன் குரலை வரவழைத்துக்கொண்டு நான் சொன்னேன்:

"திரும்பிப் பாக்காமப் போய்யா."

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பருத்திமார் காய்ந்து கிடந்தது, சடசடவென்று பிடித்துக்கொண்டது. வெயிலில் தீ நிறமே தெரியவில்லை, மேலே காற்று ஆடுவதுதான் தெரிந்தது. நான் அழ வேண்டிய இடம் அது. அழ மறந்துபோனேன். இதுவரைக்கும் யாரும் எனக்குக் காட்டாததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவது எட்டில் தம்பி நின்றான். பிறகு கன்னத்திலிருந்து ஒரு கையை எடுத்தான். அப்புறம் இன்னொரு கையை. திரும்பினான்.

திரும்பியவன் ஓடிவந்து நெருப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். சூடு முகத்தில் அடித்தும் நகரவில்லை. சேலை கருகிச் சுருண்டது. சோளத்தட்டை நடுவில் முறிந்து உள்ளே விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு கைப்பிடி சாம்பல். எழுந்திருக்கவும் இல்லை, சாமியிடம் பறந்து போகவும் இல்லை. இவ்வளவுதானா என்று எனக்கு இருந்தது.

புகையைக் கரையிலிருந்து பார்த்துவிட்டு அத்தை ஓடிவந்தார். வரும் வழியிலேயே புளியம்விளாறு ஒடித்துக்கொண்டு வந்திருந்தார். சாம்பலையும் சில்லையும் பார்த்ததும் என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. "எடுபட்ட சிறுக்கி, உண்மையாவே கொளுத்திட்டியா" என்று காலில் வீசினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான் அசையவில்லை. அடிங்க என்று நின்றேன். நாலாவதுக்குக் கையை ஓங்கும்போது, கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, ரொம்ப நாள் பூட்டிக்கிடந்த கதவைத் திறந்த மாதிரி.

"எந்திரிக்கல."

அத்தை ஓங்கிய கையோடு நின்றார். "என்னய்யா சொன்னே?"

"ஆத்தா எந்திரிக்கல, அத்தே. எரிஞ்சு முடிஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். சத்தம் போட்டு, வாய்விட்டு, கண்மாய்க்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி. அத்தை விளாறைப் போட்டுவிட்டு அவனை வாரித் தூக்கிக்கொண்டு அவரும் அழுதார். எனக்குக் கோபம்தான் வந்தது. பேச்சு வந்துவிட்டது, நாளைக்குச் சூடும் கிடையாது, நாங்கள்தான் ஜெயித்தோம், எதற்கு அழுகிறார்கள் இவர்கள் என்று. பொழுது சாய அய்யா கண்மாய்க்குள் போய் அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் கரையிலிருந்து பார்த்தேன். மறுநாள் அது அங்கே இல்லை. காற்று கொண்டுபோனதா, அவர் அள்ளிக் கொண்டுபோனாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கோடாங்கி வந்தார். பையன் பேசிவிட்டான் என்றதும், தான் முந்தி ஊதின திருநீறு இப்போதுதான் வேலை செய்திருக்கிறது என்றார். சாப்பிட்டுவிட்டுப் போனார். அத்தையோ, அய்யனாருக்குத் தான் நேர்ந்துகொண்டதால்தான் பேச்சு வந்தது என்று கிடாய் வெட்டினார். என் பேரை யாரும் எடுக்கவில்லை. காலில் விளாறு பட்ட கோடுகளோடு பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை கறி வாங்கித் தின்றேன். எனக்குச் சேர வேண்டியதை நானே எடுத்துக்கொண்டேன்.

பிற்காலத்தில் நான் சின்னப்பிள்ளைகளுக்கு டீச்சரானேன். மதுரையில் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு அம்மாள் கரும்பலகையில் எழுதிப்போட்டு விளக்கினார்: பிள்ளைகளுக்கு விளையாட்டுதான் பேச்சு, வாயால் சொல்ல முடியாததை விளையாடிக் காட்டும், பயந்த பிள்ளை பயத்தைத் திரும்பத் திரும்ப விளையாடித்தான் அதை விட்டு வெளியே வரும், அதை ஒரு வைத்தியமாகவே வெளிநாட்டில் செய்கிறார்கள் என்று. எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து, சாவு விளையாட்டு விளையாடினாலும் விடலாமா என்று கேட்டேன். கட்டாயம் விட வேண்டும், கூட உட்கார்ந்து விளையாட வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்றார். ஒன்றுமில்லை, கால் அரிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தேன். என் வகுப்பில் எந்தப் பிள்ளையின் எந்த விளையாட்டையும் நான் நிறுத்தியதில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து, சத்தம் அதிகமாக இருக்கிறது என்றார். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

இத்தனையும் தெரிந்தவள் என்றுதான் என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன், தாய்மாமன் இறந்த அன்றைக்கு வரைக்கும். அப்போது தம்பிக்கு நாற்பதை நெருங்கிய வயது. மாமனைக் கிடத்தியிருந்த வீட்டில், அவருடைய பேரன் ஒரு நாலு வயதுப் பையன், தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வந்திருந்த ஒரு பெரியவர் அவனை அணைத்து, "சத்தம் போடாதய்யா, தாத்தா தூங்குறாக" என்றார்.

என் தம்பி விருட்டென்று எழுந்தான். யார் சொன்னாலும் எதிர்த்துப் பேசாதவன் அவன். போய் அந்தப் பையனைப் பெரியவர் கையிலிருந்து பிடுங்கித் தூக்கிக்கொண்டான். "தூங்கல. தாத்தா செத்துப்போயிட்டாக. இனிமே எந்திரிக்க மாட்டாக, அவுகளுக்கு வலிக்கவும் வலிக்காது. நீ எம்புட்டுச் சத்தம் வேணாலும் போடு" என்றான். வீடே திரும்பிப் பார்த்தது. அவன் பையனோடு வெளியே போய்விட்டான்.

பின்னாலேயே போனேன். வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். பையன் அவன் தோளில் கிடந்து உரக்க அழுதுகொண்டிருந்தான். என்னலே ஆச்சு உனக்கு என்று கேட்டேன்.

"மாமா எனக்கும் அன்னைக்கு அதைத்தான் சொன்னாக" என்றான். "மொட்டையடிக்கும்போது அழுதேன். அழாதய்யா, ஆத்தா தூங்குறா, சத்தம் போட்டா முழிச்சிக்கிடுவான்னாக. அப்புறம் எங்கையிலே தீயைக் குடுத்தாக."

பையனை வலது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான்.

"தீக்குள்ள கெடக்கையிலே முழிச்சிட்டா சுடும்ல அக்கா. அதான் சத்தமே காட்டல."

மாமன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரும் அன்றைக்குத் தங்கையைப் பறிகொடுத்தவர்தான், வாய்க்கு வந்த ஆறுதலைச் சொல்லியிருக்கிறார். நான் தம்பியின் இடது கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி, பல் பட்ட இடம் வெளுத்து இருந்தது. ஆத்தா முழித்துவிடக் கூடாதென்று என் வாயைப் பொத்திய கை.

மூன்று அடிக்கும் நான் வருத்தப்பட்டதில்லை. அந்த ஒரு கடிக்குப் பட்டிருக்கிறேன்.